சலவைத்தூளில் பரப்புச் செயலியின் அளவை அறியும் மின்னழுத்தத் தரம்பார்த்தல்

சலவைத்தூளில் அழுக்கை நீக்கும் முதன்மைப் பொருள், சர்ஃபாக்டன்ட் எனப்படும் பரப்புச் செயலி ஆகும். அதனுடன் சோடியம் சல்ஃபேட், சோடியம் கார்பனேட் போன்ற உப்புகளும் கலந்திருக்கும். நுரை மிகுதியாக வந்தால் தூள் தரமானது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நுரையின் அளவு நீரின் கடினத்தன்மையையும் தூளில் சேர்த்துள்ள நுரை அடக்கிகளையும் பொறுத்து மாறும். எனவே, பரப்புச் செயலியை ஆய்வகத்தில் அளந்தே அறிய வேண்டும்.

தத்துவம்

சலவைத்தூளில் பரவலாகப் பயன்படும் ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட் எதிர்மின் சுமை உடையது. அது, நேர்மின் சுமையுடைய பென்செத்தோனியம் குளோரைடுடன் 1:1 மோல் விகிதத்தில் இணைந்து, நீரில் எளிதில் கரையாத அயனி இணையைத் தருகிறது. செலவான பென்செத்தோனியத்தின் மோல்களே பரப்புச் செயலியின் மோல்கள்.

பழைய முறை

எப்டன் 1947இல் வெளியிட்ட முறையில் மெத்திலீன் நீலமும் குளோரோஃபார்மும் பயன்பட்டன. ஒவ்வொரு முறையும் குலுக்கி, அடுக்குகள் பிரியும்வரை காத்திருந்து, நிறத்தைக் கண்ணால் ஒப்பிட வேண்டும். குளோரோஃபார்ம் ஆவியோ உடலுக்குத் தீங்கானது.

மின்னழுத்த முறை

இம்முறையில் கரைசலில் இரு மின்முனைகள் வைக்கப்படும். ஒன்று ஒப்பீட்டு மின்முனை. மற்றொன்று பரப்புச் செயலி அயனியை உணரும் சவ்வு கொண்டது. 25° செல்சியசில் அயனிச் செறிவு 10 மடங்கு மாறினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். முடிவுநிலையில் எதிர்மின் அயனிகள் ஏறக்குறையத் தீர்ந்துவிடுவதால் மின்னழுத்தம் சட்டென்று தாவுகிறது. வரைபடத்தில் மிகச் செங்குத்தான புள்ளியே முடிவுநிலை. குளோரோஃபார்ம் தேவையில்லை, கரைசல் கலங்கியிருந்தாலும் அளக்கலாம்.

எடுத்துக்காட்டு

2 கிராம் தூளை 500 மில்லிலிட்டர் கரைசலாக்கி, அதில் 50 மில்லிலிட்டர் எடுத்தால் அதில் 0.2 கிராம் தூள் இருக்கும். 0.004 மோலார் பென்செத்தோனியம் கரைசல் 20 மில்லிலிட்டர் செலவானால்:

0.004 × 20 = 0.08 மில்லிமோல்
0.08 × 348 = 27.8 மில்லிகிராம்
அதாவது, சுமார் 13.9 விழுக்காடு.

இங்கு 348 என்பது பரப்புச் செயலியின் மோலார் நிறை.

கவனிக்க வேண்டியவை

பி.எச். 3 அளவிலான அமிலக் கரைசலில் சோப்பு கொழுப்பு அமிலமாக மாறிவிடுவதால் அது கணக்கில் சேராது. காரக் கரைசலில் சோப்பும் சேர்ந்துவிடும். மின்சுமையற்ற பரப்புச் செயலிகளை இம்முறை காட்டாது. அவற்றை பேரியம் அயனி முன்னிலையில் சோடியம் டெட்ராபினைல் போரேட்டால் தனியே தரம்பார்க்க வேண்டும். ஆகவே விழுக்காட்டுடன் பி.எச். மதிப்பையும், கணக்கில் கொண்ட மோலார் நிறையையும் குறிப்பிட்டால்தான் இரு தூள்களை நேர்மையாக ஒப்பிட முடியும்.