நடைபாதையும் நிலவுடைமையும்: இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் வழித்தடம் பற்றிய ஒரு நோக்கு

1

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தை எம்மிற் பலர் ஆங்கில இலக்கியத்தின் வாயிலாகவே அறிந்துள்ளோம். தாழ்ந்த குன்றுகள், மேய்ச்சல் நிலங்கள், கல்லாலான வீடுகள், இவற்றினூடே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதை என்றமையும் இக்காட்சி, பாடசாலைக் கவிதைத் தொகுதிகளிலிருந்து பல்கலைக்கழக விரிவுரைகள் வரை எம்மைத் தொடர்ந்து வந்துள்ளது. ஆயின் இக்காட்சியில் உழைக்கும் மனிதர் அரிதாகவே தென்படுவர். அப்பாதை யாருடைய கால்களால் உருவாகியது? யாருடைய நிலத்தின் மீது செல்கின்றது? அதில் நடக்கும் உரிமை எவ்வாறு நிலைபெற்றது? இவ்வினாக்களைக் கொட்ஸ்வோல்ட் பிரதேசத்தின் நடைவழியொன்றை ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கொட்ஸ்வோல்ட் என்பது தென்மேற்கு இங்கிலாந்தில், பெரும்பாலும் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தில் அமைந்த சுண்ணக்கல் மேட்டுநிலமாகும். இம்மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்பை ஒட்டி, வடக்கே சிப்பிங் கம்டன் என்னும் சிறுநகரிலிருந்து தெற்கே பாத் நகர் வரை 102 மைல் (164 கிலோமீற்றர்) தூரம் செல்வது கொட்ஸ்வோல்ட் வழித்தடம். 1970இல் மாவட்ட சபையினாற் குறிக்கப்பட்ட இது, 2007இல் தேசிய வழித்தடமாயிற்று. இதன் வழியிலுள்ள உயர்ந்த மேடான கிளீவ் குன்றின் உயரம் 330 மீற்றர் மாத்திரமே. மலையேறும் பயிற்சி இல்லாதவரும் ஏழு முதல் பத்து நாட்களில் நடந்து முடிக்கத்தக்க வழி இது.

இவ்வழியிலுள்ள அழகு பெரிதும் கம்பளியின் விளைவாகும். சிப்பிங் கம்டனில் இன்றும் நிற்கும் பெருவீடொன்று, 1401இல் இறந்த வில்லியம் கிரெவெல் என்ற கம்பளி வணிகருடையது. பாதையோரத்துப் பெருங்கோயில்கள் பலவும் கம்பளிச் செல்வத்தாலேயே எழுந்தன. தெற்கே ஸ்ரவுட் பள்ளத்தாக்குகளில் நெசவு ஆலைகள் எழுந்தன. அங்கு சாயமிடப்பட்ட செந்நிறத் துணி படையினரின் சீருடைக்குப் பயன்பட்டது. கிழக்கிந்தியக் கம்பனியும் அப்பிரதேசத் துணியை வாங்கியது. குன்றுகளின் மேலிருந்த குடிசைகளிலே தறியிட்ட நெசவாளர், தாம் நெய்த துணியைச் சுமந்து ஆலைகளுக்கு இறங்கிய தடங்களும் இன்று உல்லாச நடைக்குரிய பாதைகளாகியுள்ளன. 1825இல் கூலிக் குறைவுக்கெதிராக அந்நெசவாளர் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதை அப்பாதைகளில் நடப்போருட் பலர் அறியார். சந்தைக்கும் ஆலைக்கும் கோயிலுக்கும் வயலுக்கும் செல்ல உழைப்போர் இட்ட தடங்களே பாதைகளாயின என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

3

இப்பாதைகளின் வரலாற்றில் பெரும் முறிவை ஏற்படுத்தியது வேலியடைப்பு ஆகும். மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியின் இறுதிப் பகுதியில் ஆதி மூலதனத் திரட்டலின் அடிப்படைகளுள் ஒன்றாக இதனை விளக்குகிறார். 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. அவை ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கரை, அதாவது இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று அதிகமானதைத் தழுவின. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் உரிய பொதுநிலம் தனியுடைமையாயிற்று. அதனூடு சென்ற பாதைகள் மூடப்பட்டன அல்லது திருப்பப்பட்டன. 1815ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தேவையற்றது எனக் கருதப்படும் பாதையை இரு சமாதான நீதவான்கள் மூடிவிடலாம் என்றது. அந்நீதவான்கள் பெரும்பாலும் நிலவுடைமையாளரே. எனவே எது தேவையற்றது என்பதை எவ்வர்க்கம் தீர்மானித்தது என விளக்க வேண்டியதில்லை.

இம்மாற்றத்தைத் தன் வாழ்வில் அனுபவித்துக் கவிதையிற் பதிந்தவர் ஜோன் கிளேர் (1793-1864). கொட்ஸ்வோல்டுக்கு வடகிழக்கே நோர்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்ரன் கிராமத்திற் பிறந்த கூலித் தொழிலாளி அவர். அக்கிராமத்தின் வேலியடைப்புச் சட்டம் 1809இல் நிறைவேறியது; பங்கீடு 1820இல் முடிவுற்றது. வேலியடைக்கும் வேலையிலேயே கூலிக்கமர்ந்த கிளேர், மூடப்பட்ட பாதைகளைப் பாடினார். செல்வத்தைச் சபித்து அவர் எழுதிய வரிகள், ஆதரவாளரான பிரபு ஒருவரின் வற்புறுத்தலால் முதல் நூலின் பிந்திய பதிப்பில் நீக்கப்பட்டன. நிலத்தில் வேலி எழுந்தவாறே நூலிலும் எழுந்தது எனலாம். 1841இல் எசெக்ஸ் மாவட்டத்து மனநோய் விடுதியிலிருந்து வெளியேறி, ஏறத்தாழ 80 மைல் தூரத்தை நான்கு நாட்களில் நடந்து அவர் வீடடைந்தார். அவருக்கு நடை ஓய்வுநேர இன்பமாக அமையவில்லை.

வேர்ட்ஸ்வேர்த்தின் நிலை சிக்கலானது. ஏரிப் பிரதேசம் ஒருவகையில் தேசத்தின் பொதுச்சொத்து என்ற கருத்தை முன்வைத்தவர் அவரே. எனினும் 1844இல் அப்பிரதேசத்துக்குப் புகையிரதப் பாதை திட்டமிடப்பட்டபோது அதனை எதிர்த்து, நகரத் தொழிலாளர் திரளாக வருவதால் அவர்களுக்குப் பயன் விளையாது என வாதிட்டார். இயற்கையை நுகரப் பயிற்சி வேண்டும் என்ற இவ்வாதத்திலே, அப்பயிற்சிக்கு வேண்டிய ஓய்வும் வசதியும் எவர்க்கு வாய்த்தன என்ற வினா மறைந்துவிடுகின்றது. நிலத்தைக் ‘காட்சி’யாகப் பார்ப்பதற்கே அந்நிலத்தின் உழைப்பிலிருந்து விலகி நிற்கும் நிலை தேவை என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான ‘நாட்டுப்புறமும் நகரமும்’ என்ற ஆய்வில் தெளிவுபடுத்தினார்.

4

இழந்த பாதைகளை மீட்கும் முயற்சி தொழிற்புரட்சி நகரங்களில் வலுப்பெற்றது. 1826இல் மன்செஸ்ரரில் நடுத்தர வர்க்கத் தாராண்மைவாதிகள் பழம்பாதைப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1896இல் போல்ரன் நகரில், அடைக்கப்பட்ட விண்ரர் குன்றுப் பாதையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நடந்தனர். 1932 ஏப்ரல் 24ஆம் நாள், பொதுவுடைமை இயக்கத்தைச் சார்ந்த தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தினர் டார்பிஷயரின் கிண்டர் மேட்டில் அத்துமீறி நடந்தனர். தலைமை தாங்கிய பென்னி றொத்மனுக்கு வயது இருபது. ஐவர் இரண்டு முதல் ஆறு மாதம் வரையான சிறைத்தண்டனை பெற்றனர். 1949ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காச் சட்டத்தின் பின்னணியில் இத்தகைய போராட்டங்கள் உள்ளன. அச்சட்டம் பொதுப்பாதைகளை உத்தியோகபூர்வ வரைபடங்களிற் பதிய வழிவகுத்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 140,000 மைல் பாதைகள் பதியப்பட்டுள்ளன.

எனினும் இவ்வுரிமை எல்லைக்குட்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, தரிசு மேடு, பதிவுற்ற பொதுநிலம் முதலியவற்றில் சுதந்திரமாக உலாவும் உரிமையை வழங்கியது. ஆயின் அது இங்கிலாந்தின் நிலத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்தை மாத்திரமே தழுவுகின்றது. கொட்ஸ்வோல்ட் போன்ற வளமான பயிர்நிலங்களில் நடப்பவர் பாதையின் அகலத்துள்ளேயே நிற்க வேண்டியவர். பதியப்படாத பழம்பாதைகளுக்கு 2026ஐ இறுதிக் காலக்கெடுவாக அச்சட்டமே விதித்திருந்தது. பின்னர் அது 2031 எனத் தள்ளப்பட்டது. 2024 டிசெம்பரில் அதனை நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. வரைபடத்தில் இடம்பெறாத பாதைகள் 49,000 மைல் வரை உள்ளனவென நடைபயணிகள் சங்கம் 2020இற் கணித்தது.

5

கொட்ஸ்வோல்ட் வழித்தடத்தின் தென்பகுதி டொடிங்ரன் பூங்காவினூடு செல்கின்றது. அப்பூங்காவை நெடுங்காலம் ஆண்ட கொட்றிங்ரன் குடும்பம், கரிபியன் தீவுகளில் அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டங்களை நடத்தியது. புல்வெளியின் அமைதிக்குள்ளும் தோட்டத்துறையின் வரலாறு இருக்கின்றது.

அவ்வரலாற்றின் மற்றொரு கிளை எமது மலைகளில் உள்ளது. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ வழித்தடம், பெரும்பாலும் தேயிலைத் தோட்டப் பாதைகளையே இணைக்கின்றது. கொழுந்துக் கூடையுடன் ஏறி இறங்கியோரின் தடங்களில் உல்லாசப் பயணிகள் நடக்கின்றனர். அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர்க்குத் தாம் வாழும் நிலத்தின் உரிமை இன்னும் கிட்டவில்லை. 2023இல், தம் முன்னோர் வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். காட்டுவழியில் மாண்டோரை நினைவிலிருத்திய அந்நடை நில உரிமையையும் கோரியது.

பாதை ஓர் ஆவணம். அதனை இட்டோர், அடைத்தோர், மீட்டோர் ஆகிய அனைவரையும் அதில் வாசிக்கலாம். இயற்கைக் கவிதையைக் கற்பிக்கும் நாம், அக்கவிதையின் பாதையில் சுமையுடன் முன்னரே சென்றோர் யாவர் என்பதையும் சேர்த்துக் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.