குவைத்துக்குப் போன பிள்ளை பிடிபட்டால்

வீட்டு வேலைக்குக் குவைத் போகும் நம் பிள்ளைகளின் கடவுச்சீட்டை அங்குள்ள எஜமான் வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. 2015ஆம் ஆண்டு அந்நாட்டுச் சட்டம் அதைத் தடுத்தும் நின்றபாடில்லை. அடி தாங்காமல் வெளியே வந்தால் "ஓடிப்போனவள்" என்று முறைப்பாடு. பிடித்து அடைத்து, நாடு கடத்தவும் செய்யலாம். அடித்தவர் வீட்டில், அடிபட்டவள் தடுப்பில்!

1963ஆம் ஆண்டு வியன்னா சமவாயத்தின்படி, அடைபட்டவர் கேட்டால் அவருடைய தூதுவராலயத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். இலங்கையும் குவைத்தும் அதில் சேர்ந்தவை. ஆனால் வாய்திறந்து கேட்க வேண்டும். இதைப் பிள்ளை புறப்படுமுன்பே சொல்லிக் கொடுங்கள்.

அழுதுகொண்டு வரும் தாய்மாரிடம் நாங்கள் முதலில் கேட்பது கடவுச்சீட்டு இலக்கம். அநேகமாக இருக்காது. எஜமான் பெயரும் தெரியாது. ஆகவே கடவுச்சீட்டு, ஒப்பந்தம் இரண்டையும் போட்டோக் கொப்பி எடுத்து லயத்திலேயே தகரப்பெட்டியில் வையுங்கள். பிள்ளையிடமிருந்து தகவல் நின்றால், அதைக் கொண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கூட வர நாங்கள் தயார்.