மலைநாட்டு மனைகளிற் புகும் நச்சிலாப் பாம்பு

தென்மேற்குப் பருவமழை மலையிலே கால்கொண்டதும் கொட்டகலைப் பகுதித் தோட்டங்களில் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. விடியற்காலையிற் கதவைத் திறப்போர் வாயிற்படி ஓரத்திலோ குளிக்குமிடத்துத் தரையிலோ ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமுள்ள கரும்பழுப்பு நிறப் பாம்பொன்று நெளியக் காண்கின்றனர். 'பாம்பு' என்னும் கூக்குரல் எழுகின்றது; லயம் முழுவதும் விழித்துக்கொள்கின்றது. விறகுக் கட்டையோ கவ்வாத்துக் கத்தியோ, எது கைக்கு எட்டியதோ அஃது அதன்மேல் வீழ்கின்றது. செத்தது யாது என்று பின்னர் வினாவுவார் இலர். அவ்வினாவையே ஈண்டு எழுப்ப விரும்புகின்றோம்.

அவ்வாறு மடிவது பெரும்பாலும் மெடில்லா என்று சிங்களத்தில் வழங்கும் பாம்பாகும். அறிவியலார் இதனை அஸ்பிடுரா என்னும் பேரினத்திற் சேர்ப்பர். அப்பேரினம் முழுவதும் இலங்கைக்கே உரியது. உலகில் வேறெங்கும் இல்லை. நம் மலைநாட்டில் மிகுதியாக உள்ள வகையை அமெரிக்க அறிஞர் எட்வேட் கோப் 1860 ஆம் ஆண்டு விவரித்துப் பெயரிட்டார். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் இது தாராளமாய்க் காணப்படும். கழுத்தென்று தனியாகத் தோன்றாத சிறு தலையும், குறுகிய வாலும், மண்ணைத் துளைத்துச் செல்லத் தக்க உருண்ட உடலும் உடையது. இதன் உணவு மண்புழு. இதற்கு நஞ்சில்லை, கையில் எடுத்தாலும் கடிக்க முற்படாது நெளிந்து விலகவே பார்க்கும்.

மண்ணுக்குள் வாழும் பிராணி மனைக்குள் வருவானேன் எனின், காரணம் அதனிடத்தன்று, நம் வீட்டமைப்பிலேயே உள்ளது. மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கிக் கட்டிய லயங்களின் பின்புறத்தே மண்கரை பல இடங்களிற் சுவரை ஒட்டியே நிற்கின்றது. அக்கரைமேல் மரக்கறிப் பாத்தி. பாத்திக்குச் சாணமும் குப்பையும் இட்ட எரு. எருவுள்ள இடத்தில் மண்புழு. மண்புழு உள்ள இடத்தில் மெடில்லா. அது முட்டையிடுவதும் மண்ணிலேதான். பெருமழையில் மண் நீரால் நிறையும்போது அது மேலே வருகின்றது. கரையிலிருந்து வடிகானில் வீழ்ந்து, கதவடி இடுக்கால் உள்ளே புகுகின்றது. நம்மை நாடி வந்ததன்று. வழி தப்பி வந்ததேயாம்.

'சிறிய பாம்பாயினும் பாம்பு பாம்புதானே. எதற்கும் அடித்துவிடுவது நன்று' என்பார் உளர். பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்னும் நாட்டிலே இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடாத்திய ஆய்வொன்று, ஓராண்டிற் பாம்பு கடித்தோர் ஏறத்தாழ 80,000 பேர் எனவும், மாண்டோர் 400க்கு மேற்பட்டோர் எனவும் கணித்தது. ஆயினும் அடிப்பதற்காக நெருங்குவதே கடிபடுவதற்கு நேரான வழி என்பதை மறத்தலாகாது. நஞ்சில்லாததாயின் அடிப்பது வீண். நஞ்சுள்ளதாயின் அடிப்பது ஆபத்து. இரண்டிற் கணக்கிட்டாலும் தடியெடுத்தவனுக்கு ஆதாயமில்லை.

மெடில்லாவென எண்ணி வேறொன்றைக் கையிலெடுத்தலும் அத்துணைப் பெரும்பிழையாகும். நம் தேயிலை மலைகளிற் கவனிக்கத்தக்கது குணகட்டுவா எனப்படும் குழிவிரியன். அதுவும் சிறியதே, ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது, நிறமும் பழுப்பே. ஆனால் தலை அகன்று முக்கோணமாய்க் கழுத்தினின்றும் பிரிந்து தோன்றும். மூக்கின் நுனி மேனோக்கி வளைந்திருக்கும். சருகிடையே சுருண்டு, தலையைச் சாய்வாய் உயர்த்திக் கிடக்கும். இலங்கையில் நிகழும் நச்சுக்கடிகளுட் பெரும்பங்கு இவ்வினத்தினுடையது. கடித்த இடம் வீங்கிக் கொப்புளிக்கும். சிலர்க்குச் சிறுநீரகம் கெடுவதும் உண்டு. நம் வைத்தியசாலைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் இந்திய நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கென ஆக்கப்பட்டது. குழிவிரியனுக்கு அது பயன்படாது. தேயிலைச் செடியின் பச்சைக்குட் பச்சையாய் மறைந்திருக்கும் பச்சைவிரியன் கொழுந்தெடுப்போர் அறிந்ததே. அது வீட்டினுள் வருவது குறைவு.

ஹற்றனுக்குக் கீழே இறங்கித் தாழ்நாட்டில் வாழும் அன்பர்க்கு வேறொரு மயக்கம் நேரும். வீட்டுச் சுவரிலேறிப் பல்லி பிடிக்கும் ஓநாய்ப்பாம்பு நஞ்சற்றது; கட்டுவிரியனோ கொடுநஞ்சுடையது. இரண்டுக்கும் கருமேனியில் வெண்பட்டையுண்டு. ஓநாய்ப்பாம்பின் பட்டை கழுத்தருகே தெளிவாய்த் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனில் முன்பகுதியே மங்கலாயிருப்பது வழக்கம். நூலில் இதனைப் படிப்பது எளிது. இரவிலே மின்சூள் ஒளியில் தேர்ந்துரைப்பது எளிதன்று. கல்லூரி விலங்கியற் கூடத்துப் போத்தலில் நிறம் வெளிறிக் கிடக்கும் பாம்பைக் கண்ட பழக்கத்தை நம்பி எவரும் துணிதல் வேண்டா. ஆதலின் நாம் சொல்லும் முறை, பாம்பு இன்னதென்று அறிந்தார்க்கும் அறியார்க்கும் ஒருபடித்தாய் உதவுவதாயிருத்தல் வேண்டும்.

பாம்பைக் கண்டவுடன் சிறுவரையும் நாயையும் அப்புறப்படுத்துக. ஒருவர் மட்டும் ஆறடிக்கு அப்பால் நின்று கண்ணெடாது நோக்கியிருப்பாராக. பாம்பு எங்கேயென்று தெரியாமற் போவதே பெருந்தொல்லை. உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, இடுக்குகளில் ஈரச்சாக்கைச் சுருட்டி வைத்து, வெளிக்கதவை அகலத் திறந்துவிடுக. ஆரவாரம் ஓய்ந்தாற் பாம்பு தானே சுவரோரமாய் வெளியேறிவிடுவது பெரும்பான்மை. வெளியேறாது மூலையில் ஒடுங்குமாயின், ஒரு வாளியைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டிற் கிடத்தி, நீண்ட விளக்குமாற்றால் மறுபுறத்தே மெல்லத் தரையைத் தட்டுக. இருளை நாடும் இயல்பினதாதலின் வாளியுட் புகும். விளக்குமாற்றுக் கோலாலேயே வாளியை நிமிர்த்தி, வாயைப் பலகையால் மூடி, தேயிலை மலையின் ஓரத்தே விட்டுவிடலாம். கையால் தொடுதல் எக்காரணத்தாலும் வேண்டா. மண்ணெண்ணெய் ஊற்றுவதும் புகைமூட்டுவதும் பாம்பை மேலும் உள்ளே விரட்டும். பூண்டும் பினாயிலும் பாம்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை.

ஆறடிக்கு மேல் வளரும் சாரை கூரைமேல் ஏறிவிட்டால் இவ்வாளி போதாது. அஃது எலியைத் தேடி வருவது. நஞ்சில்லாவிடினும் நெருக்கினாற் சீறிக் கடிக்கும். பழக்கமுடையாரையோ வனசீவராசிகள் திணைக்களத்தாரையோ அழைத்தலே தகும். சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பிணையும் என்பது நெடுநாட் கதை. பிணைந்து காணப்படுவன பெரும்பாலும் வலிமை காட்டிப் பொரும் இரு ஆண் சாரைகளே. இதனை எத்துணை முறை எழுதினாலும் கதையே வெல்கின்றது, அது வேறு.

கடி நேர்ந்துவிடின், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கேடு. மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து, கொட்டகலை வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ உடனே கொண்டு செல்க. நடக்க விடாதீர், தூக்கிச் செல்க. பாம்பைக் கொன்று கொணர வேண்டியதில்லை. எட்ட நின்று கைப்பேசியில் எடுத்த படம் மருத்துவர்க்குப் போதும்.

இனி, மழைக்கு முன்னரே செய்யத்தக்கன சில. பின்சுவருக்கும் மண்கரைக்கும் இடையேயுள்ள கானைச் சருகு தேங்காமற் சுத்தஞ் செய்க. விறகைச் சுவரோடு சேர்த்து அடுக்காது இரண்டடி தள்ளி, தரையினின்றும் உயர்த்தி அடுக்குக. எருக்குவியலைக் கதவுக்கு எட்டவே வைத்து, அதனைக் கிளறும்போது வெறுங்கையின்றி மண்வெட்டியை வழங்குக. அங்கே வெண்ணிறச் சிறு முட்டைகள் வெளிப்படின், கிளறியவாறே மண்ணை மீண்டும் மூடிவிட்டு, எருவை மறுபக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.