கருவியோடு கையேட்டையும் காப்போம்

பிறந்த ஊரை விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில், பாட்டியின் தாலாட்டும் தந்தையாரின் குரலும் பதிந்த ஒலிநாடாக்கள் இன்னும் உள்ளன. நாடா இருந்தும், அதை ஓட்டும் டேப் ரிக்கார்டர் சுழல மறுத்தால் அக்குரலைக் கேட்பது எங்ஙனம்?

1877ஆம் ஆண்டில் எடிசன் செய்த போனோகிராப், கையால் சுழற்றும் எளிய கருவி. அதன் உறுப்புகளைக் கண்ணால் கண்டே இயக்கத்தை அறியலாம். 1935ஆம் ஆண்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமான காந்த நாடாக் கருவியோ அத்தகையதன்று. நாடாவைத் தொடும் ‘ஹெட்’ இம்மியளவு சாய்ந்தாலும் ஒலியின் தெளிவு மங்கும். விநாடிக்கு 7.5 அங்குலம் ஓடவேண்டிய நாடா மெதுவாக ஓடினால் சுருதி இறங்கிவிடும். எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது, எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும், எங்கே எண்ணெய் இடுவது என்பவற்றையெல்லாம் கூறுவது, கருவியைச் செய்தோர் மெக்கானிக்குகளுக்கென அச்சிட்ட சர்வீஸ் கையேடே ஆகும்.

பழுதுபார்க்கும் கடை மூடப்படும்போது இக்கையேடுகளும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விடுகின்றன. கைதேர்ந்த முதியவர் மறைந்தால் அவர் நினைவிலிருந்த நுட்பமும் உடன் மறைகிறது. நாடாக்களை மட்டுமன்றி, அவற்றை ஓட்டும் கருவிகளையும் விரைவில் இழக்க நேரும் என்று உலக ஒலிக்காப்பகத்தாரும் யுனெஸ்கோவும் 2019ஆம் ஆண்டிலேயே எச்சரித்தனர்.

நம் முன்னோர் ஏடுகளை மீண்டும் மீண்டும் படியெடுத்து வந்தமையாலன்றோ சங்க நூல்கள் நமக்குக் கிட்டின? ஒருவரிடமே இருக்கும் ஏட்டுக்குச் செல் ஒன்று போதும். பலரிடம் இருப்பதை அழிப்பது அரிது. கையேட்டுக்கும் இது பொருந்தும்.

ஆதலின் அன்பர்கள் தம் இல்லத்துப் பெட்டிகளைத் தேடிப் பார்க்க வேண்டுகிறோம். சில கருவிகளின் மூடியின் உட்புறத்தில் மின்சுற்று வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பிய்க்காமல் படமெடுத்து வைக்கலாம். கையேடு கிடைத்தால் எல்லாப் பக்கங்களையும் தெளிவாக நகலெடுத்து, கருவியின் மாதிரி எண்ணைக் குறித்து, தெரிந்த மெக்கானிக்குக்கும் அதே கருவி உடையவர்க்கும் ஒவ்வொரு படி அளிக்கலாம். மற்றொன்றும் கூறுவோம்: பல்லாண்டு ஓடாதிருந்த கருவியை உடனே மின்சாரத்தில் இணைத்தல் ஆகாது. பழைய கண்டென்சர்கள் பழுதுற்றுக் கருவியையே கெடுத்துவிடக்கூடும். அறிந்தவரிடம் காட்டிய பின்னரே இயக்குக.

நம்மிடம் உள்ள சில தாள்கள், வேறோர் ஊரில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அதன் பாட்டியின் குரலை மீட்டுத் தரக்கூடும். அவற்றைப் பூட்டி வையாமல் பகிர்ந்துகொள்வோமாக!