நிழற்படம் நூலாகும் விதம்

உத்திரமேரூர் வட்டாரத்திலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வருவோருள் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தறியில் கழித்த முதியோரும் உண்டு. மூட்டுவலியாலோ பார்வைக் குறைவாலோ தறியைவிட்டு எழுந்தபின், அவர்களுள் சிலர் எங்களிடம் கேட்பது ஒன்றே: “இனி இந்தக் கைக்கு என்ன வேலை?” அதற்கு விடையாகக்கூடிய ஒரு கைவேலையை இவ்விதழில் எடுத்துரைக்கிறோம். வீட்டிலுள்ள நிழற்படம் ஒன்றைப் பூத்தையலாகவோ குரோஷாப் பின்னலாகவோ மாற்றுவதே அது.

இதன் அடிப்படை நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் பட்டில் வரும் மயிலும் அன்னமும் முதலில் கட்டத்தாளில்தான் பிறக்கின்றன. நிரப்பிய கட்டம் எது, வெற்றுக் கட்டம் எது என்பதைப் பார்த்து அட்டையில் துளையிடுவர். எந்த இழை எழ வேண்டும் என்பதை அத்துளை முடிவு செய்யும். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் உருவாக்கிய இம்முறையில், அவருடைய உருவப்படமே 1839-இல் பட்டில் நெய்யப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. வீட்டில் ஒயர்கூடை பின்னும் பெண்கள் நிறம் மாற்றிப் பூப் போடுவதும் இதே கணக்கில்தான்.

பூத்தையலுக்குக் கட்டம் தெளிவாகத் தெரியும் மேட்டித் துணி ஏற்றது. ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் கொண்ட படம் வேண்டுமாயின், அகலத்தில் 70, உயரத்தில் 98 என மொத்தம் 6,860 தையல்கள் ஆகும். நாளொன்றுக்கு நூறு போட்டால் பத்து வாரத்தில் முடியும். படத்தைத் தாளில் அச்சிட்டு, அளவுகோலால் அத்தனை கட்டங்களாகக் கோடிடுங்கள். ஒரு கட்டத்துள் எந்த நிறம் மிகுதியோ அதையே அக்கட்டத்தின் நிறமாகக் கொள்ளுங்கள். கணினிச் செயலிகளும் இதைச் செய்து தரும். ஆயினும் அவை ஒரே பழுப்பில் பத்து வகை காட்டும். ஐந்தாறு நிறங்களுக்குள் சுருக்கிக்கொள்வது நலம்.

படத்தைத் தேர்வதில்தான் பலர் ஏமாறுகின்றனர். நின்ற கோலத்தில் எடுத்த படத்தில் தலை, உடலின் ஏழில் ஒரு பங்கே இருக்கும். 98 கட்ட உயரத்தில் அது 14 கட்டம். கண்ணுக்குக் கிடைப்பது இரண்டு கட்டம். பிரிந்து சென்ற கணவரின் முகத்தைத் தைக்க விரும்பும் ஒருவர் மாதக்கணக்கில் உழைத்தபின், அதில் அவர் தெரியவில்லையெனில் மனம் நொந்துபோகும். ஆகவே முகம் மட்டும் நிறையும்படி படத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அன்றேல் அவர் பூட்டிய மாட்டுவண்டி, வீட்டுத் திண்ணை, வாசல் வேம்பு என வடிவத்தாலேயே அடையாளம் தெரிவதைத் தேர்ந்தெடுங்கள்.

குரோஷாவில் நிரம்பிய கண், வெற்றுக் கண் என இரண்டே கொண்டு பின்னும் வலைப்பின்னல் எளிது; கறுப்பு வெள்ளைப் படம் அதற்குப் பொருந்தும். பின்னலின் கண் பெரும்பாலும் சரியான சதுரமாக அமைவதில்லை. பத்துக்குப் பத்து என ஒரு மாதிரி பின்னி, அதன் அகலத்தையும் உயரத்தையும் அளந்தபின் கட்டம் போட்டால் உருவம் சப்பையாகாது.

உடல்நலம் குறித்துச் சில சொற்கள். முனை மழுங்கிய ஊசியையே கையாளுங்கள். நீரிழிவால் விரல் மரத்திருப்போர் குத்திய காயத்தை உணரமாட்டார்கள். வேலை முடிந்ததும் விரல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் ஊசியைத் தொடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொலைவில் உள்ள மரத்தைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். படுக்கையில் வைத்துத் தைப்பதைத் தவிருங்கள். எடுத்த ஊசியை எண்ணித் திரும்ப வையுங்கள்.

கைபேசியில் படத்தை வெட்டுவதும் நிறத்தைச் சுருக்குவதும் பேரப்பிள்ளைகளுக்கு நொடிப்பொழுது வேலை. கட்டம் தவறாமல் எண்ணுவது தறியில் இருந்த பாட்டிக்குக் கைவந்த கலை. அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் இருவரும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முடித்த வேலையைக் கொண்டுவந்து காட்டினால் நாங்களும் மகிழ்வோம்.