பாட்டுக் கருவியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாவிட்டால்

சிதம்பரம் மேலவீதிக் கடைகளின் ஆர்டரை எம்.பி.3 பிளேயரில் பேசிப் பதிந்துகொண்டு கடலூர் முதுநகர் திரும்புவது நமது வழக்கம். (சீட்டு தொலையும், குரல் தொலையாது என்ற நினைப்பு!) பிளேயரில் காது ஒயர் மாட்டும் துளை பழுதாகிவிடவே, பேரனின் பழைய அரசு மடிக்கணினியில் மாட்டினோம். அதிலிருந்த பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது, பிளேயரைக் கண்டுகொள்ளவே இல்லை. வாசலில் லாரி நிற்கிறது.

முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள். சில ஒயர்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும். பிறகு டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி அடிக்கவும். பட்டியலில் பிளேயர் வந்தால் ஒயர் நல்லது. குறை, பேசும் முறையில்தான். பிளேயரின் செட்டிங்கில் 'யு.எஸ்.பி. மோட்' எம்.டி.பி. என்றிருந்தால் எம்.எஸ்.சி. ஆக்கி மறுபடி மாட்டுங்கள். பென் டிரைவ் போலத் திறக்கும். அந்த வசதி இல்லாத பிளேயருக்கு 'எம்.டி.பி. டூல்ஸ்' நிறுவ வேண்டும். 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் மட்டும் சரி என்று அழுத்திவிடாதீர்கள், பதிவெல்லாம் போய்விடும்.

லாரி இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.