கட்சி பார்க்காத ஸ்டூடியோ

1947 ஜனவரியில் வெளிவந்தது ‘நாம் இருவர்’. விடுதலை கிடைக்கும் முன்பே, பாரதியின் விடுதலைப் பாட்டை டி.கே.பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். தயாரித்து இயக்கியவர் ஏவி.எம். நிறுவனத்தின் ஏவி.மெய்யப்பன்.

தேசியம் மணத்த அதே ஏவி.எம்.தான் 1951-இல் தி.மு.க. நிறுவனர் அண்ணாவின் ‘ஓர் இரவு’ நாடகத்தைப் படமாக்கியது. மறு ஆண்டு, நேஷனல் பிக்சர்ஸ் பெருமாளுடன் சேர்ந்து ‘பராசக்தி’. நீதிமன்றக் கூண்டில் நின்று சமூகத்தையே குற்றவாளியாக்கியது அதே கட்சியைச் சேர்ந்த கருணாநிதியின் வசனம். படத்தைத் தடைசெய்யச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. படமோ அமோகமாக ஓடியது.

1966-இல், தி.மு.க.வின் பெரிய நட்சத்திரமான எம்.ஜி.ஆரை வைத்து ஏவி.எம். எடுத்த ‘அன்பே வா’ முழுக்கக் காதலும் கலகலப்பும்தான்.

ஆளின் கட்சியைப் பார்த்துக் கதவைச் சாத்தியிருந்தால் இந்த வரிசை நமக்குக் கிடைத்திருக்காது. இன்றைய தயாரிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.